காற்றுக்குப் போட்ட ஊசி

தையல்காரியின் பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்த புதன்கிழமை, சுகாதார நிலையத்தின் பட்டியலில் பதினோரு பெயர்கள் இருந்தன. தட்டம்மைத் தடுப்பு மருந்து ஒரு குப்பி வந்திருந்தது. ஒரு குப்பியில் பத்துக் குழந்தைகளுக்குத்தான் மருந்து இருக்கும். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. குப்பியை அனுப்பிய அலுவலகத்தில் எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள்.

அவர்கள் தரப்பில் நியாயம் இருந்தது. பட்டியலில் இருப்பவர்களில் நூற்றுக்கு எண்பத்தேழு பேர்தான் வருவார்கள் என்று, தடுப்பூசிக் கணக்கை வைத்திருக்கும் இணையப் பதிவுத் தளம் கணித்திருந்தது. அதன்படி அன்று ஒன்பதரைக் குழந்தைதான் வந்திருக்க வேண்டும். பதினொன்றும் வந்தது குழந்தைகளின் தவறு.

பள்ளி திறக்க நான்கு நாள் இருந்ததால் தையல்காரி காலையில் ஏழு சீருடைகளுக்குப் பொத்தான் கட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். அதனால் வரிசையில் கடைசி. சுகாதார நிலையம் என்பது ஒரே அறை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, எடை பார்க்கும் தொட்டில், நீல நிறத்தில் ஐஸ் பெட்டி. நர்சம்மா பத்தாவது குழந்தைக்குப் போட்டுவிட்டு, குப்பியை ஜன்னல் பக்கம் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"முடிஞ்சுபோச்சும்மா. அடுத்த புதன் வந்துடு."

"சரிங்க."

தையல்காரி எழுந்துவிட்டாள். நர்சம்மா பதினோராவது சிரிஞ்சை உறை பிரித்தார். பின்பக்கத்தை இழுத்தார். உள்ளே வெறும் காற்று ஏறியது. ஊசி முனையை மேசைக்கு மேலே நீட்டி, கட்டை விரலால் கடைசிவரை அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். இந்த வகைச் சிரிஞ்சு ஒரு முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுபடாது. அதைச் சிவப்புக் கூடையில் போட்டார்.

"அது யாருக்குங்க?"

"உன் பாப்பாவுக்குத்தான்" என்றார் நர்சம்மா.

அவர் கிண்டல் செய்யவில்லை. அந்த அறையில் போனுக்கு சிக்னல் கிடையாது. வரும் வழியில் ஓடைப் பாலத்தின் மேல் மட்டும்தான் கிடைக்கும். அன்றைய சாதனையைக் காலை ஒன்பதரைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஊசி போட ஆரம்பிப்பது பத்து மணிக்கு. எனவே நர்சம்மா பாலத்தின் மேல் நின்று, அலுவலகம் கொடுத்த கைக்கணினியான டேப்பில் பட்டியலைத் திறந்து, எல்லாப் பெயருக்கும் 'போடப்பட்டது' என்று தட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். சுற்று வட்டாரத்து நர்சுகள் எல்லோருக்கும் இப்படி ஒரு பாலமோ மேடோ இருந்தது. பெயருக்கு ஒரு சிரிஞ்சு என்று எண்ணிக் கொடுப்பார்கள். சாயங்காலம் பெயருக்கு ஒரு பூட்டிய சிரிஞ்சு திரும்பிப் போக வேண்டும். பூட்டாத சிரிஞ்சு திரும்பினால் போட்டதாகச் சொன்னது பொய் என்றாகும். நர்சம்மாவுக்குப் பொய் சொல்வது பிடிக்காது.

வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தைத் தாண்டும்போது தையல்காரியின் போன் சிணுங்கியது. 'பாராட்டுகள். உங்கள் குழந்தை தட்டம்மையிலிருந்து முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது.' கூடவே பச்சைக் கரை போட்ட சான்றிதழ்.

வீட்டில் நாத்தனார் கேட்டாள்.

"போட்டாச்சா அண்ணி?"

"போட்டாச்சுன்னு வந்திருக்கு."

"அழுதாளா?"

"இல்ல."

"பரவாயில்லயே, அப்பா மாதிரி. எங்கண்ணன்கூட எதுக்கும் அசையமாட்டான்."

அண்ணன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருப்பதில்லை. அசைந்தானா இல்லையா என்று பார்க்க வாய்ப்புக் குறைவு.

அடுத்த புதனுக்குள் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் அம்மை வந்துவிட்டது. முதலில் இரண்டு குழந்தைகள், பிறகு ஐந்து. சிவந்த கண்ணும் இருமலுமாக ஒரு குழந்தையை வண்டியில் கொண்டுபோனதைத் தையல்காரியே பார்த்தாள். புதனன்று சுகாதார நிலையத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

பட்டியலில் ஆறு பெயர். ஆறு சிரிஞ்சு. அம்மைப் பயத்தில் ஆறு பேரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஆறு பேருக்கும் போட்டான பிறகு குப்பியில் நான்கு குழந்தைகளுக்கான மருந்து மிச்சம் இருந்தது.

"உன் பேரு வரலயேம்மா. உனக்குப் போட்டாச்சுன்னு இருக்கு."

"நீங்கதானே காத்துக்குப் போட்டீங்க?"

"நான்தான் போட்டேன். டேப்புக்கு அது தெரியாதே."

"மருந்துதான் இருக்குங்களே. நான் கடையில ஒரு சிரிஞ்சு வாங்கிட்டு வந்துடறேன்."

நர்சம்மா குப்பியை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு காலத்தில் நோட்டில் எழுதினார், தப்பாக எழுதினால் அடித்துவிட்டுச் சரியாக எழுதினார்.

"மேற்கால ஊர் நர்சு அப்படித்தான் ஒரு குழந்தைக்கு வெளி சிரிஞ்சுல போட்டா. நல்லதுதான் பண்ணா. பதிவுல இல்லாத ஊசின்னு வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. குழந்தை நல்லா இருக்கு. அவதான் நல்லா இல்ல."

குப்பியைத் திறந்தால் சில மணி நேரம்தான். மதியம் நர்சம்மா நான்கு குழந்தைகளின் மருந்தை ஒரு கழிவுப் பையில் போட்டுக் கட்டினார். தையல்காரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லாரிக்காரன் போனில் யோசனை சொன்னான். "டவுன்ல பிரைவேட்ல போட்டுடு. இதுக்குப் போய் அழுதுகிட்டு." தையல்காரி டவுனுக்குப் போனாள். தனியார் டாக்டரின் மேசையிலும் அதே பதிவுத் தளம்தான் இருந்தது. குழந்தையின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சான்றிதழின் பச்சைக் கரையைக் காட்டினார். "ஏற்கெனவே போட்டிருக்கும்மா. ரெண்டாவது தடவை போட்டா என்னைக் கேப்பாங்க. இவ்வளவு அக்கறையா இருக்கீங்க, சந்தோஷம்." அவர் கட்டணம் வாங்கவில்லை. நல்ல மனிதர்.

வட்டார அலுவலகத்தில் திருத்தம் செய்பவரைக் கம்ப்யூட்டர் சார் என்று கூப்பிட்டார்கள். அவர் அறையில் மூன்று திரைகள். நடுத் திரையில் வட்டாரத்தின் வரைபடம், முழுக்கப் பச்சை. அதை அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி போடலன்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

"அது உங்க கருத்து. பதிவுல போட்டிருக்கு."

"பதிவைத் திருத்த முடியாதுங்களா?"

"போட்ட ஊசியை உடம்புலேர்ந்து திரும்ப எடுக்க முடியுமாம்மா? அதனாலதான் தளத்துலயும் திரும்ப எடுக்க வழி வைக்கல. யோசிச்சுத்தான் பண்ணியிருக்காங்க." அவர் ஒரு பட்டியலைத் திறந்தார். "ரத்து பண்ண மூணு காரணம் இருக்கு. குழந்தை இறந்திருக்கணும், ஊரை விட்டுப் போயிருக்கணும், இல்ல ஒரே குழந்தை ரெண்டு தடவை பதிவாகியிருக்கணும். உங்களுக்கு எது வசதி?"

"மூணும் வேண்டாங்க."

"அப்ப ஊசி போடலங்கறதுக்கு டாக்டர் சான்று கொண்டாங்க."

வட்டார டாக்டர் குழந்தையின் இரண்டு கைகளையும் இரண்டு தொடைகளையும் டார்ச் அடித்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக நடக்காத ஒன்றுக்குச் சான்று எழுதுவதால் மூன்று தடவை அடித்து எழுதினார். 'ஊசி போட்டதற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை.'

கம்ப்யூட்டர் சார் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் மரியாதை.

"ரெண்டே வாரத்துல அடையாளமே இல்லாமப் போயிருக்குன்னா எவ்வளவு சுத்தமா போட்டிருப்பாங்க. உங்க நர்சம்மா கைராசி சாதாரணமில்ல." அவர் சான்றை ஸ்கேன் செய்து, தளத்தில் நர்சம்மாவுக்கான பக்கத்தில் ஏற்றினார். அந்தப் பக்கத்தில் ஐந்தாவது நட்சத்திரம் முளைத்தது.

தையல்காரி நகரவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சார், பக்கத்து ஊர்ல அம்மை."

கம்ப்யூட்டர் சாரும் இரண்டு பிள்ளை பெற்றவர்தான். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாலாவதா ஒண்ணு இருக்கு. யாருக்கும் சொல்றதில்ல. 'தடுப்பூசி பலனளிக்கவில்லை'ன்னு ஒரு படிவம். அது ஏத்தினா அன்னைக்கே மறு ஊசிக்கு அனுமதி வந்துடும்."

"அதையே ஏத்துங்க சார்."

"ஏத்திடலாம். ஆதாரம் வேணும். குழந்தைக்குத் தட்டம்மை வந்திருக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி சீட்டு. பலனளிக்கலன்னு வேற எப்படித் தெரியும்?" அவர் ஒரு துண்டுத் தாளில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "வந்துச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க. ஞாயித்துக்கிழமைன்னாலும் கூப்பிடுங்க. நானே பண்ணித் தர்றேன்."

"வந்த பிறகு ஊசி எதுக்கு சார்?"

"பதிவுக்கு" என்றார் கம்ப்யூட்டர் சார். கேள்வி அவருக்கு விளங்கவில்லை.

மூன்றாவது புதனும் பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஐந்து பெயர், ஐந்து சிரிஞ்சு. கழிவுப் பைக்குள் ஐந்து குழந்தைகளின் மருந்து போனது. தையல்காரி இப்போது குழந்தையை வெளியே எடுத்துப் போவதில்லை. தைக்கத் துணி கொண்டுவருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி அளவு எடுத்தாள். ஒரு ஆள் இருமினால் அளவை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டாள். அந்த வாரம் தைத்த சட்டை ஒன்றுக்குக்கூடக் கழுத்து சரியாக அமையவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அதற்கு உண்மையிலேயே சூடு ஏறிவிட்டது போல அவளுக்குத் தோன்றும். நாத்தனார் தொட்டுப் பார்த்து, "உன் கைதான் அண்ணி சுடுது" என்பாள்.

நான்காவது புதன் ஊசி இல்லை. அன்று விழா.

நூறு சதவீதம் எட்டியதற்காக இயக்குநர் நேரில் வந்தார். சுகாதார நிலையத்துக்கு வெள்ளை அடித்தார்கள். ஐஸ் பெட்டியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் இயக்குநருக்கு நாற்காலி போட்டார்கள். அறையில் சிக்னல் இல்லாததால், நேரடிப் பதிவைச் செய்து காட்ட இயக்குநரையே பாலத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் பாலத்தின் நடுவில் நின்று ஒரு பெயரைத் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அது எந்தக் குழந்தை என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறகு பேசினார்.

"பத்து வருஷத்துக்கு முன்னால என்ன நிலைமை? குழந்தைகளுக்கு ஊசி போட்டோம். ஆனா போட்டோம்னு நம்மால சொல்ல முடியல. நோட்டு இங்க இருக்கும், விவரம் அங்க இருக்காது. இன்னைக்கு அந்த நிலைமை தலைகீழா மாறியிருக்கு."

கைதட்டல்.

"பக்கத்து ஊர்ல அம்மைன்னு சிலர் வதந்தி பரப்பறாங்க. நான் ஒண்ணுதான் கேக்கறேன். அந்த ஊர் நூறு சதவீதம். நூறு சதவீதமான ஊருக்குள்ள அம்மை எந்த வழியா வரும்? அது தடிப்பு. தடிப்புல ஏழு குழந்தை ஆஸ்பத்திரியில இருக்கு. ஒரு குழந்தை நேத்து தவறிப்போச்சு. அதுக்காக நான் ரொம்ப வருத்தப்படறேன். ஆனா தட்டம்மையால ஒரு குழந்தைகூடச் சாகலங்கறதைப் பெருமையோட சொல்லிக்கறேன்."

இந்த முறை கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் வந்தது.

நர்சம்மாவுக்கு வலியில்லா ஊசிக்கான கேடயம் கொடுத்தார்கள். அடுத்து தையல்காரியைக் கூப்பிட்டார்கள். வட்டாரத்திலேயே அதிகத் தடவை திறந்து பார்க்கப்பட்ட குழந்தைப் பக்கம் அவள் குழந்தையுடையது. முப்பத்தொரு தடவை. 'விழிப்புணர்வுமிக்க தாய்' என்று எழுதிய தட்டு அவள் கைக்கு வந்தது. மைக்கும் வந்தது.

"என் பாப்பாவுக்கு ஊசி போடலைங்க" என்றாள்.

ஒலிபெருக்கியில் அது நன்றாகவே கேட்டது. இயக்குநர் நர்சம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? போட்டதே தெரியல அந்தம்மாவுக்கு. இதுக்குத்தானே கேடயம்."

நர்சம்மா கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ஐந்தாவது புதன் பட்டியலில் ஒன்பது பெயர். தையல்காரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்குள் எட்டுப் பேர் வந்து போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மேசையில் ஒரு சிரிஞ்சு உறை பிரிக்காமல் கிடந்தது.

நர்சம்மா வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஒருத்தி வரல. சூளைக்காரி. அவ புள்ள பேர்ல உன் பாப்பாவுக்குப் போட்டுடட்டுமா?"

செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள் அவள். தையல்காரிக்குத் தெரிந்தவள்தான். இரண்டு மாதம் முன்னால் குழந்தைக்கு ஒரு கவுன் தைத்து வாங்கிக்கொண்டு போனாள்.

"அவ வந்துட்டா?"

"இவ்வளவு நேரம் வரல. சூளையில விட்டிருக்க மாட்டாங்க."

"வரலன்னா அந்த சிரிஞ்சை என்ன பண்ணுவீங்க?"

"வராதவங்களுக்கு என்ன பண்றதோ அதான். காலையில அவ பேரும் தட்டியாச்சே. காத்துக்குத்தான்."

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். "எத்தனை பேருக்கு இப்படி?"

நர்சம்மா சிரிஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டார். டேப் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரிலேயே எல்லாத் தடுப்பூசியும் தவறாமல் போட்டுக்கொண்டது அந்த அறையின் காற்றுதான்.

"சட்டுனு சொல்லும்மா. மருந்துக்கு நேரம் முடியப்போகுது."

பாலத்துக்கு அந்தப் பக்கம் இப்போது பதினோரு வீடுகளில் அம்மை. தையல்காரி குழந்தையை மடியில் போட்டுக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எப்படியும் காற்றுக்குப் போகப்போவது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அது உண்மையாகவும் இருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. ஐந்து புதன்களாக இந்த அழுகையைக் கேட்கத்தான் அவள் அலைந்தாள்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், அது விதி. போடாத குழந்தைக்கு விதி கிடையாது. இந்தக் குழந்தைக்கு எந்த விதி என்று தெரியாததால் நர்சம்மா உட்காரச் சொன்னார்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். சூளைக்காரி ஓடி வந்தாள். முழங்கால் வரை செம்மண். முதுகில் கட்டியிருந்த குழந்தையின் முகத்தில்கூட ஒரு கோடு.

"நேரம் ஆயிடுச்சாக்கா? மேஸ்திரி ஒரு நடை, ஒரு நடைன்னு விடவே இல்ல, பாவி. ஊசி இருக்கா?"

குப்பியில் ஒரு குழந்தைக்கான மருந்து மிச்சம் இருந்தது. சிரிஞ்சு இல்லை. நர்சம்மா டேப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"மருந்து இருக்கு" என்றாள் தையல்காரி. "சிரிஞ்சு இல்ல. உன் புள்ள பேர்ல வந்ததை என் பாப்பாவுக்குப் போட்டுக்கிட்டேன்."

சூளைக்காரி, தையல்காரி மடியிலிருந்த குழந்தையின் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தையல்காரி காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் வரமாட்டேன்னு நினைச்சியா?"

"ஆமா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன், விடமாட்டாங்கன்னு." அவள் குழந்தையை அவிழ்த்து முன்னால் எடுத்துக்கொண்டாள். "அப்ப என் புள்ளைக்கு?"

தையல்காரி அவளை உட்கார வைத்து நடந்ததை எல்லாம் சொன்னாள். பாலம், காற்று, டவுன் டாக்டர், மூன்று காரணம், நாலாவது காரணம். கம்ப்யூட்டர் சாரின் நம்பர் எழுதிய துண்டுத் தாளைக்கூட எடுத்துக் காட்டினாள். சூளைக்காரிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் விஷயம் அவளுக்குத் தையல்காரியைவிடச் சீக்கிரம் விளங்கிவிட்டது.

"ஆபீசுக்கெல்லாம் அலைய எனக்கு யாரு லீவு கொடுப்பாக்கா? யாராச்சும் வராத பேர்லதான் போடணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அடுத்த வாரம் யார் யார் பேரு வருது?"

நர்சம்மா துடைப்பதை நிறுத்தினார். யாரையும் பார்க்காமல் டேப்பைத் திறந்து, அடுத்த புதனின் பட்டியலை எடுத்து, பெஞ்சின் மேல் அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு ஐஸ் பெட்டியைக் கழுவ வெளியே போய்விட்டார்.

ஏழு பெயர். இருவரும் குனிந்தார்கள். தையல்காரி ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் குழந்தையின் அம்மா எதற்கும் முதல் ஆளாக வருகிறவள், ஆகாது. இரண்டாவது பள்ளிக்கூட வாத்தியார் வீடு, கேள்வி கேட்பார்கள். மூன்றாவது பெயரைப் படித்துவிட்டு அவள் நிறுத்தினாள்.

"யாரு அக்கா?"

"பால்காரி."

அவளை இருவருக்கும் தெரியும். அளந்து ஊற்றிவிட்டு, குழந்தை இருக்கிற வீடென்றால் கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி ஊற்றுகிறவள்.

"புதன்கிழமை அவளுக்குப் பண்ணையில பால் எடுக்கற நாள்" என்றாள் தையல்காரி. "பன்னெண்டு மணிக்கு முன்னாடி வரமாட்டா."

சூளைக்காரி முந்தானையை நனைத்துக் குழந்தையின் முகத்தில் இருந்த செம்மண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நான் ஒன்பது மணிக்கே வந்து உக்காந்துக்கறேன்" என்றாள்.